பெருநாளன்று கொடியில் போட்ட உடுப்பு

என் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, உக்குவளையில் ஒரு வளவு வாங்கினார். நல்ல மலிவு. மலிவுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். பல வருஷமாகக் குப்பை கொட்டி, நிரம்பியதும் மண் போட்டு மூடிய பள்ளம் வேலிக்கு அப்பால்தான் இருந்தது. மாமாவுக்கு அது குறையாகவே படவில்லை. மேலே புல் பச்சையாக முளைத்திருக்கிறதே, இனியென்ன என்பார். அவர் குரல் பெரிசு. அவர் ஏறினால் ரயிலுக்கு விசில் தேவையில்லை என்பார் வாப்பா. அது வேறு கதை.

பக்கத்துத் துண்டை வாப்பா வாங்கி, நாங்களும் அங்கே வீடு கட்ட வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றார். அதைப் பேசி முடிக்கத்தான் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்களை அழைத்தார். வாப்பாவும் முக்கால்வாசி சம்மதித்துத்தான் போனார்.

முற்றத்துக்கு நடுவே கொடி கட்டி, மாமி வெள்ளை உடுப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"பெருநாளும் அதுவுமா உடுப்புக் காயப் போட்டீக்கிறாளே!" என்று உம்மா முணுமுணுத்தார்.

தேத்தண்ணி வந்தது. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு.

"கலரப் பாருங்க மச்சான்! ஒரு கிள்ளுத் தூள்தான் போட்ட. எல்லாம் எங்கட கெணத்துத் தண்ணிட வேல!" என்றார் மாமா.

"வேல நல்லாத்தான் தெரியுது" என்றார் வாப்பா. அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, தலையணை உறை, மாமாவின் தொப்பி எல்லாம் துருப்பிடித்த தகரம் போலச் சிவந்திருந்தன.

"இந்தத் தண்ணியா குடிக்கிறீங்க?" என்று மாமியிடம் கேட்டார். புருஷன் பெருமையடிக்கும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் மாமிக்கில்லை.

"பாப்போம் மச்சான்" என்று வாப்பா எழுந்தார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

குப்பையின் சாறு மண்ணுக்குள் இறங்கி அந்தப் பக்கத்துக் கிணறுகளையெல்லாம் கெடுத்திருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். ஆபீசுக்காரர்கள் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். மாமிக்குப் போத்தல் தேவைப்படவில்லை.

அன்று ரத்தோட்டைப் பக்கம் மழை இருட்டியதும், உடுப்பை எடுத்து வர உம்மா என்னை அனுப்பினார். தொட்டுப் பார்த்தால் ஒன்றிலும் ஈரமில்லை. அலுமாரியில் அடுக்கி வைத்த மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

காய்ந்த உடுப்பைக் காயப் போட்ட மாமியை நினைத்து மாத்தளை வரும்வரை ரயிலில் சிரித்தேன். உம்மாவிடமும் சொன்னேன். அவர் வாப்பாவைப் பார்த்தார். இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.