லாத்தா எழுதாத விடை

சூடேறிய பழைய கணினித் திரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாடை வரும். கோவில்பட்டி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த அந்தக் கணினி மையத்தில் அது மூக்கை அடைக்கும். எங்கள் வீட்டில் அக்காவை ‘லாத்தா’, அப்பாவை ‘வாப்பா’ என்போம். கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த லாத்தா, தன் புராஜெக்டைக் காட்ட ஒன்பதாவது படித்த என்னை அங்கே கூட்டிப்போனாள். இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் எங்கே பஸ் மாற வேண்டும் என்று அது சொல்லும். எட்டயபுரம், மணியாச்சி என்று அடித்தேன். சட்டென்று சரியான வழி வந்தது. ஆசிரியர் அதை ஏற்கெனவே அங்கே நடந்த வகுப்பில் பாராட்டியிருந்தார். மறுநாள் தேர்வு; தேறினால் சென்னையில் வேலை.

“விடைக்கு மேல ஒன் பேர வர வைக்கேன், பாரு” என்று நிரலைத் திருத்தி ஓட்டினாள். பெயர் வரவில்லை. மறுபடி திருத்தினாள், அப்போதும் இல்லை.

உடனே வேறொரு சாளரத்தைத் திறந்தாள். கணினி எந்தெந்த இடங்களில், எந்த வரிசையில் தேடுகிறது என்று இடப்பக்கம் காட்டும். ஒன்றைச் சொடுக்கினால் அங்குள்ள நிரல் தொகுப்புகள் வலப்பக்கம் விரியும். முதல் இடத்திலேயே ‘வழி’ என்றொரு தொகுப்பு. கடைசி இடத்தில் இன்னொரு ‘வழி’. கடைசியில் இருந்ததுதான் லாத்தாவுடையது. முதலாவதின் தலைப்பில், முன்பு அங்கே படித்துப்போன ஒரு மாணவரின் பெயர் இருந்தது. முதலில் அகப்பட்டதையே கணினி எடுத்துக்கொள்ளும்.

“ஏட்டி, இவ்வளவு நாளும் ஓடுனது என்னுதே இல்ல” என்றாள். அவள் முகம் வெளிறிப்போனது. முதல் இடத்தை வரிசையிலிருந்து நீக்கி ஓட்டினாள். அவள் எழுதியது பயணியைக் கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் மாறி மாறி அனுப்பிக்கொண்டே இருந்தது.

“அந்தப் பழசையே காட்டிரு லாத்தா, யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரிஞ்சிட்டே.”

மறுநாள் அவளே போய்ச் சொன்னாள். ஆசிரியர் திகைத்துப்போய், “ஏம்மா, நான் கேக்கவே இல்லையே!” என்றாராம். தேர்வு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது, வேலையும் போனது. வாப்பா நெடுநாள் அவளோடு பேசவில்லை. நிரலைச் சரிசெய்து அவள் தேறி வந்த அன்றுதான் “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

இன்று அந்த மையம் இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தச் சாளரத்தையும் நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. இப்போது கேட்ட தொகுப்பைக் கணினியே எங்கிருந்தோ இறக்கிக்கொள்கிறது. லாத்தா கோவையில் மற்றவர்கள் எழுதும் நிரல்களைச் சோதிக்கிறாள். போன மாதம் அவள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தன் நிரல் ஓடிவிட்டதென்று மகிழ்ச்சியோடு வந்த ஒருத்தியை உட்காரவைத்து, மெல்லக் கேட்டாள்: “இது எங்கனருந்து ஓடுதுன்னு பாத்தியளா?”