அக்காவின் வாயில் வராத குடை

அக்கா இல்லாமல் ஒரு வருடத்தைத் தள்ளிவிட்டோம். இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அக்காவின் தங்கை எழுதுவது.

அக்கா அவனியாபுரத்தில் பிறந்தார்கள். அப்பாவின் லேத் பட்டறை மூடியதும் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார்கள். மச்சானைக் கைப்பிடித்துக் கே.கே. நகர் போன பிறகும் குறுக்கெழுத்துப் பைத்தியம் விடவில்லை. பேனாவால்தான் நிரப்புவார்கள், அடித்தல் திருத்தல் இருக்காது. "அம்புட்டுத் திமிரு" என்று கேலி செய்வேன்.

அந்தத் திமிரை நம்பித்தான், தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் வந்த ஒரு சொல் விளையாட்டுக்கு அக்கா பெயரை நானே அனுப்பினேன். அந்த நிகழ்ச்சியைச் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டார்கள், பலருக்கு நினைவிருக்காது. பிரபலம் ஒருவர் குறிப்புக் கொடுக்க, ஜோடியாக வந்தவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்காவுக்கு ஒரு சீரியல் நடிகை ஜோடி. துணைக்குப் போன நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன்.

ஐந்து சொற்களை அக்கா நொடியில் சொன்னார்கள். ஆறாவதற்கு நடிகை மழை என்றார், கம்பி என்றார், கறுப்பு என்றார். அக்கா இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குடை பிடித்துக் காட்டினார்கள். சொல் மட்டும் வரவில்லை. மணி அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வெளியே வரும்போது நடிகை என்னைத் தனியே அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்குத் தெரியுது, வாய்க்கு வரல. வலது கை தொங்கிட்டே இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

தோற்ற எரிச்சலில் அக்காவை நோயாளி ஆக்குகிறார் என்று எனக்குக் கோபம். யாரிடமும் சொல்லவில்லை.

ஒளிபரப்பான பிறகு அக்காவின் தடுமாற்றம் கூடியது. "ஊரே பாத்துச்சுல்ல, கண்ணு பட்ருச்சு மச்சான்" என்றவள் நான்தான். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். அமாவாசைதோறும் பூசணிக்காய் உடைத்தோம். நான்கு அமாவாசைகள் போயின. ஐந்தாவது வருமுன் அக்கா குளியலறையில் விழுந்தார்கள்.

ஸ்கேனில் மூளைக்கட்டி என்று வந்தது. முன்னமே காட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் சொல்லலையே சார்" என்றார்கள் மச்சான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி வாரம் அக்காவிடம் பேச்சே இல்லை. ஒரு மதியம் மழை பெய்தது. ஜன்னலைப் பார்த்தபடி இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். "குடைதானக்கா" என்றேன். தலையை ஆட்டினார்கள். எங்களுக்குள் அதுதான் கடைசிப் பேச்சு.

அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்த செவிலியர்களுக்கும், விளாங்குடியிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், பள்ளி அலுவலகத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு மதியமே பழகிய அக்காவுக்காகக் கவலைப்பட்ட அந்த நடிகைக்கும் நன்றி.

மச்சான், இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்களிடம் காட்டவில்லை. யாரும் சொல்லவில்லை என்று டாக்டரிடம் சொன்னீர்கள். ஒருவர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.