பஞ்சவர்ணம் கதவைத் தட்டாத வெள்ளிக்கிழமை

பஞ்சவர்ணம் பள்ளிப்பாளையத்துக்காரி. ஷார்ஜாவில், கீழக்கரைக்காரர்களான நானும் என் வீட்டுக்காரரும், அவர்களும் ஒரே ஃபிளாட்டில் ஆளுக்கொரு ரூமில் இருக்கிறோம். அடுப்படி பொது. அவள் புருஷன் கௌரிசங்கருக்குத் தொழில்பேட்டையில் ஒரு கராஜில் நைட் டூட்டி.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அன்று அவள் ஊர்க் கோழிக்கறிதான். மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது. காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, எண்ணெயில் அள்ளிப் போடுவாள். பிறகு சின்ன வெங்காயம், கோழி, மஞ்சள், உப்பு. கடைசியில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவாள்.

"ஏனுங்க்கா, கீழக்கரையில கறிக்குப் பத்துச் சாமான் அரைக்கறீங்க. அப்புறம் கோழி எங்கீங்க தெரியும்?" என்று என்னைச் சீண்டுவாள்.

"நீ போடுற மிளகாயில கண்ணே தெரியல. கோழிய நான் எங்க போயித் தேட?" என்பேன்.

அந்த நெடிக்குக் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்திவிடும். வாட்ச்மேன் ஓடி வந்து திட்டுவார். அதனால் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் கவரை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுவிடுவோம். இங்கே பல ரூம்களில் இதுதான் வழக்கம். அவள் நாற்காலியில் ஏறி மாட்டும்போது அதைப் பிடித்துக்கொள்வது நான்.

போன வெள்ளி என் வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்கு ஜும்மா தொழப் போயிருந்தார். கௌரிசங்கர் டூட்டி முடிந்து வந்து அவர்கள் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எங்கள் ரூமில் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு நின்றேன். மிளகாய் நெடி வந்தது. வழக்கமானதுதானே என்று இருந்துவிட்டேன். காலிங்பெல் அடித்தது. பஞ்சவர்ணம் திறப்பாள் என்று நினைத்தேன். பெல் நிற்கவே இல்லை. நெடி தொண்டையைப் பிடித்தது. இருமலை அடக்கிக்கொண்டு ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன்.

ரூம் கதவைத் திறந்தேன். ஒரே கரும்புகை. அலாரம் கவருக்குள் ஊமையாக இருந்தது. அடுப்பில் சட்டி எரிகிறது, பக்கத்தில் ஆளே இல்லை. தடுமாறிப்போய் வாசல் கதவைத் திறந்தால், வெளியே பஞ்சவர்ணம்! குப்பை போடப் போயிருக்கிறாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே.

பாய்ந்துபோய் அடுப்பை அணைத்து, சட்டியை மூடினாள். "அவருங்க்கா, அவரு!" என்று அலறிக்கொண்டு அவர்கள் ரூமுக்கு ஓடினாள். நானும் ஓடினேன். அங்கேயும் புகை. அவர் அசையவில்லை. அவள் உலுக்கினாள், ஒன்றுமில்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இருமினார். இருமிக்கொண்டே, "கறி கருகிப்போச்சா?" என்றார்.

யா அல்லாஹ் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கதவப் போட்டு இடிச்சிருக்கலாமே புள்ள! வெறும் பெல்லையே அடிச்சிக்கிட்டு நின்னியே?"

"பெல்லுக்கு அவரு எந்திரிச்சு வந்துருவாருன்னு இருந்தேனுங்க்கா. நீங்க தொழுகற நேரம்னு தெரியும். கத்துனா, கதவ இடிச்சா, உங்க தொழுக கெட்டுப்போயிருமோன்னு..."

புருஷன் உள்ளே கிடக்க, என் தொழுகைக்காகக் குரலை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஓர் உயிருக்கு ஆபத்தென்றால் தொழுகையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்தார்கள். ஆறு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தும், அதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன்.

"நெசமாலுமாக்கா? உங்க சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"நீ தட்டாம நின்னதுக்குத்தான் புள்ள, அவன் என்னையக் கோவிப்பான்."