ஏழாம் நம்பர்க்காரர்

பஸ்ஸில் ஏறியதும் அவர் கண் போவது எதிரே இருப்பவர் காலுக்குத்தான். "உள்ள ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கான், பாவம்" என்று முணுமுணுப்பார். பக்கத்து ஆள் சற்றே நகர்ந்து உட்காருவார். ஊரில் அவருக்கு 'ஏழாம் நம்பர்' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபமே வராது, சிரித்துக்கொண்டே திரும்புவார்.

அந்தப் பெயரைச் சும்மாவா சம்பாதித்தார்! அரசே எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்த காலத்தில், திட்ட அலுவலகத்தின் காலணிப் பிரிவு அவர் கையில் இருந்தது. "அஞ்சே வருஷம். நாட்டுல வெறுங்காலே இருக்காது" என்று மனசார நம்பினார். நம்பாதவர்களோடு கேன்டீனில் மல்லுக்கு நின்றார். ஊர்ஊராக ஆள் அனுப்பிக் கால்களை அளந்து சராசரி எடுத்தார். ஏழு வந்தது. அவ்வளவுதான், அத்தனை தொழிற்சாலையும் ஏழாம் நம்பராகவே தைத்துத் தள்ளின. இலக்கைத் தாண்டியாயிற்று, மேடையேற்றிப் பதக்கமும் குத்தியாயிற்று. நாடே நொண்டியது.

அவர் மனைவிக்கு நாலாம் நம்பர் கால். மருத்துவமனையில் நர்ஸ். ஏழுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு வார்டு வார்டாக நடந்ததில் கட்டைவிரல் எலும்பு புடைத்துப்போனது. பிறகு ஆட்சி கவிழ்ந்தது, அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. மனுஷர் ஐம்பது வயதில் ஷூ தைக்கக் கற்றுக்கொண்டு சின்னதாக ஒரு கடை போட்டார். ஊரே வந்து அளவு கொடுத்தது. அவள் மட்டும் கொடுக்கவில்லை.

"ஊர்க்காலெல்லாம் அளந்தீங்க. வீட்ல இருக்கற காலைப் பார்த்தீங்களா?"

என்ன தைத்து என்ன, இவள் போட்டால்தானே என்று அவருக்கு உள்ளுக்குள் அரித்தது.

போன மாதம் வலி தாங்காமல் அவளே காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். நாடாவை எடுத்து ரெண்டு ரெண்டு தடவை அளந்தார் மனுஷர். இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு. புடைத்த எலும்புக்கென்று தோலை இழுத்து இடம் விட்டார். "சராசரியாம், மண்ணாங்கட்டி" என்று தன்னையே திட்டிக்கொண்டு தைத்து முடித்தார்.

நேற்று அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவருக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை, சீக்கிரமே வீட்டுக்கு வந்து வாசலைப் பார்த்தபடி நின்றார். வழக்கமாக வந்ததும் நாற்காலியில் பொத்தென்று விழுகிறவள், உட்காரவே இல்லை. பையை மேஜையில் வைத்தாள்.

"வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

எத்தனையோ வருஷத்தில் அவள் இப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் அவள் தெருமுனைக்கே போய்விட்டாள். மூச்சிரைக்க ஓடினார். அவள் நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை. நடந்தபடியே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, சீக்கிரம் என்று விரல்களை ஆட்டினாள்.