திருப்பி வாங்கிய பத்திரிகை

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்ததுண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவன், அஸ்தினாபுரத்தில் மாவு மில் வைத்துப் பிழைத்தவன், எனக்கு எழுத்து எங்கே வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். எங்கள் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. என் மகளுடையது. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பாகிவிட்டது. உறையின் மேல் என் கையெழுத்தில் சித்தப்பா பெயர், பக்கத்தில் 'குடும்பத்துடன்'. அந்தப் படத்துக்கு முன்னால்தான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, தாம்பரத்திலிருந்து டிராவல்ஸ்காரர்கள் மலேசியாவுக்குக் கோயில் யாத்திரை அழைத்துப் போகத் தொடங்கியிருந்த சமயம். மகள் கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது பங்காளி வீட்டுப் பெரியவருக்கு என்பது எங்கள் வழக்கம். என் தாத்தாவின் தம்பி மலேசிய ரப்பர் தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன் எனக்குச் சித்தப்பா முறை. பழைய கடிதம் ஒன்றில் விலாசம் கிடைத்தது. முருகனையும் பார்த்து, பத்திரிகையையும் நேரில் வைத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சித்தப்பாவின் ஒரே மகள் விடுதிக்கே வந்து காரில் அழைத்துப் போனாள். முதல் பார்வையிலேயே, "அண்ணே, உங்களுக்கு எங்கப்பா மூக்கு லா!" என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிச் சிரித்தாள். சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். என் கையை விடவேயில்லை. "பாரு, எனக்குக் கொள்ளி வைக்க ஊர்லேர்ந்தே ஆளு வந்திருச்சு" என்றார். "சும்மா இருங்கப்பா, அண்ணன் கல்யாண வேலையா வந்திருக்காரு" என்று மகள் அதட்டினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

கூடம் நிறைய ஆட்கள். நான் அறிந்த முகம் சித்தப்பா மகள், என் தங்கச்சி முகம் ஒன்றுதான். "ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு. பங்காளி நீங்க நிக்கும்போது வேற யாரு தம்பி வைப்பா?" என்றார் ஒரு பெரியவர். எங்களில் கொள்ளி வைத்தவன் ஒரு வருடம் நல்ல காரியத்தில் உட்காரக் கூடாது. மகளை எப்படித் தாரை வார்ப்பேன்? மாப்பிள்ளை வீட்டார் பொழிச்சலூர்க்காரர்கள். ஒவ்வொன்றுக்கும் சகுனம் பார்ப்பவர்கள். பத்திரிகை வைத்த வீட்டில் சாவு என்று தெரிந்தாலே போதும், சம்பந்தம் முறிந்துவிடும். வாசலைப் பார்த்தேன். அத்தனை செருப்புகளுக்கு நடுவே என் செருப்பு எங்கே என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டோ யாத்திரைத் தலைவரிடம். எனக்கு மொட்டையடிக்கக் கத்தியோடு ஒருவர் காத்திருந்தார். "முடியலன்னா சொல்லுங்கண்ணே, நானே வைக்கிறேன்" என்றாள் தங்கச்சி. அவள் அப்படிச் சொன்ன பிறகு எப்படி மறுப்பது? தலையும் மீசையும் போயிற்று. கொள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் விமானம். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நிற்கவில்லை. கிளம்பும்போது தலைமாட்டில் இருந்த பத்திரிகை கண்ணில் பட்டது. அது அங்கே இருந்தால் மகளுக்கு ஆகாது என்று மனம் அடித்துக்கொண்டது. தங்கச்சியிடம் கை நீட்டினேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னாங்க இது, மீசையக் கூடவா எடுத்துட்டாங்க?" என்றாள் மனைவி வாசலிலேயே. "பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு முருகனுக்கு வேண்டுதல்" என்றேன். அவன் பெயரை வைத்தே பொய். சித்தப்பா சாவைப் பற்றி மூச்சே விடவில்லை. பெருங்களத்தூர் மண்டபத்தில் தாரை வார்த்தபோது செம்புத் தண்ணீரைத் தரையில் சிந்திவிட்டேன். ஆனந்தம் என்றார்கள். ஆல்பத்தைப் பிரிக்கும்போதெல்லாம் சம்பந்தியம்மாள், "பொண்ணுக்காக மீசையவே குடுத்த மனுஷன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவார். ஒவ்வொரு புகழ்ச்சியும் உள்ளே இருக்கும் உண்மைக்கு வெளியே இன்னொரு பூட்டுப் போட்டதுபோல இருக்கும். பேத்திக்கு ஜுரம் வந்தால்கூட என்னால்தானோ என்று உள்ளே நடுங்குவேன்.

போன மாதம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு சொன்னாள்: "கொள்ளி வெச்சதுல பாவம் இல்லீங்க. அப்பனப் பறிகுடுத்த பொண்ணுகிட்டேர்ந்து பத்திரிகையத் திருப்பி வாங்கினு வந்தீங்களே, அதாங்க பாவம்."

தங்கச்சியின் பழைய நம்பரை யாரும் எடுப்பதில்லை. போட்ட கடிதமும் திரும்பிவிட்டது. பத்திரிகையைப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து விளக்கின் முன்னால் வைத்திருக்கிறேன். மூலைகளில் மனைவி புதிதாக மஞ்சள் தடவினாள்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி ஒருநாள் அவள் காதுக்குப் போகலாம். ஆனால் மொட்டையோடு நிறுத்தி என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். நான் கை நீட்டியதையும், அவள் ஏன் என்று கேட்காமல் கொடுத்ததையும் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் இது தன் அண்ணன் என்று அவளுக்குத் தெரியும்.