கப்பல் அடுப்படி பிரெஞ்சு

சுற்று தொடங்கும் முன் ஹென்னிங் கண்ணாடிப் பேழையில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொள்கிறார். பேழைக்குள் புனித லாரன்ஸ் சிலையாக, தன்னை வாட்டிய கம்பி அடுப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். "ரெண்டு பேருக்கும் அடுப்புதான் பொழப்பு. நீங்க மேல கிடந்தீங்க, நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாசலுக்குப் போவார்.

ஜெர்மனியின் ல்யூபெக்கில், பழைய தேவாலயச் சிற்பங்கள் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தில், ஞாயிறன்று பிரெஞ்சில் சுற்றிக்காட்டும் வேலை அவருடையது. பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சு அல்ல. பிரெஞ்சு மாலுமிகள் நிறைந்த சரக்குக் கப்பலில் சமைத்துக்கொண்டே காதில் வாங்கியது. "வெங்காயம் ரெண்டு மூட்டைன்னு தப்பில்லாம கேப்பேன். மத்ததுக்குக் கைய ஆட்டுவேன், நீங்களா புரிஞ்சுக்கணும்" என்று வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். ஆனால் இந்தக் கூடத்துக்கு அது தாராளம். இங்குள்ள புனிதர்களில் ஒருவரை வாட்டினார்கள், ஒருவரை எண்ணெயில் போட்டார்கள், பார்த்தலோமேயுவைத் தோலுரித்தார்கள். அந்த உரிப்பை அவர் விலாங்கு மீனை வைத்து விளக்கும்போது யாராவது ஒருவர் நாற்காலி தேடுவார்.

மாதா சிலைகளிடம்தான் திணறல். கப்பலில் ஏது குழந்தை?

பேத்தி ஏனோரா பிறந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. பிரெஞ்சுக்கார மருமகள் மாயெல் குழந்தையை நீட்ட, இவர் காய்த்துப்போன விரல்களை விரித்துக் காட்டி, "எனக்குச் சட்டி பிடிக்கத்தாம்மா தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு நம்பியும்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் குழந்தையை அவர் பக்கம் நீட்டவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் அவருக்கு வெட்கம். தன்னைத் தானே கிண்டல் செய்து கெட்ட கதை இது என்று மனைவி வீப்கெயிடம் மட்டும் புலம்புவார்.

போன ஞாயிறு மாயெல் குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு சுற்றுக்கு வந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த ஸ்வாஸிக் என்ற அவள் அம்மாவும் கூட இருந்தாள். ஓக் மர மாதா முன்னால், மரம் வெடிக்காமலிருக்க முதுகைக் குடைந்திருப்பதைத்தான் ஹென்னிங் சொல்ல வேண்டும். வேறு எதுவோ வந்தது.

"இந்தம்மாவுக்கு யாரும் சொல்லித் தரல போல. புள்ள கழுத்துக்கு அடில கையே இல்ல பாருங்க. பின்மண்டைய ஒரு கையில தாங்கணும், முதுக இன்னொரு கையில. வெறுமனே கழுத்தப் பிடிச்சுத் தூக்க இதென்ன கோழியா?"

கூட்டம் சிரித்தது. ஸ்வாஸிக் சிரிக்கவில்லை. "சட்டிதான் பிடிக்கத் தெரியும்னு சொன்னீங்களாமே சம்பந்தி. இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"ரொட்டி மாவ வச்சுப் பழகுனேன். அதுக்கும் கழுத்து நிக்காது."

மறுபடி சிரிப்பு. இந்த முறை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது. ஸ்வாஸிக் மகளைப் பார்த்தாள். மாயெல் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

குழந்தை அவர் கைக்கு வந்து, ஒருமுறை நெளிந்து, கண்ணை மூடிக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், சிலை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கேட்டார்.

ஹென்னிங் நிமிரவில்லை. சுவரில் இருந்த விவரப் பலகையை முகவாயால் காட்டினார்.