தங்கை வீட்டுக் கிணற்றடிப் பாசி

திருச்சியில் சுவர்ப்பாசியைப் பார்ப்பதென்றால் ஐப்பசி, கார்த்திகையிலேயே பார்த்துவிட வேண்டும். மாசி பிறந்ததும் எங்கள் கே.கே. நகர் வீட்டு மதில் காய்ந்து, வெறும் கறுப்புப் பொருக்காகிவிடும். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள்; வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துச் சுவரில் பச்சை வெல்வெட்டாகப் படர்ந்திருந்த பாசியைப் பார்த்தேன். பழைய ஆசை திரும்ப வந்துவிட்டது. ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். பாசியைப் படமெடுத்துப் போட்டுப் பெயர் கேட்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தேன்.

போன மாசியில் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கொல்லையில், கையில் பிளீச்சிங் பவுடரும் விளக்குமாறுமாகக் கிணற்றடிச் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குளிக்கிற தண்ணீர் தெறித்துத் தெறித்து அந்தச் சுவர் எப்போதும் ஈரம். மேலே மாமர நிழல். சுவர் முழுக்கப் பாசி. ஒரு பக்கம் வெள்ளி பூசினாற்போல், ஒரு பக்கம் எலுமிச்சை மஞ்சள் கலந்த பச்சை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்புக் கம்பி மாதிரிச் சிவப்புக் காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் நாவல்பழ நிறத்தில் ஒரு குட்டிக் காய்.

"தேய்க்காதடி!" என்று கத்தினேன்.

"நல்லா இருக்கே. வழுக்கி விழுந்தா யாருக்கா ஆஸ்பத்திரிக்கு அலையறது?"

"சுவத்து மேல யாருடி நடக்கப் போறா?"

சிரித்துவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். "இதுக்குப் பேரு ஃபுனேரியா. எங்க பாடப்புத்தகத்துலயே படம் இருக்கும்" என்றேன். அவள் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிக் குனிந்தாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்த பிறகுதான் கண்ணை எடுத்தாள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வயிறு எரிந்தது. ஆசைப்பட்டவள் நான். சுவர் அவளுக்கு.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவளிடமிருந்து படம் வரும். என் படங்கள் கலங்கலாக இருக்கும். அவள் படங்களில் காம்பின் முறுக்குகூடத் தெரியும். நானே அவளைக் குழுவில் சேர்த்துவிட்டேன். சேர்ந்த வாரமே எழுதினாள்: "அக்கா இதை ஃபுனேரியான்னு சொன்னா. புத்தகத்துப் படத்துல காய் ஒரு பக்கமா கோணி இருக்கு. எங்க வீட்டுல நேரா தலைகீழாத் தொங்குது. வேற ஏதாவதா இருக்குமோ?"

குழுவை நடத்துகிற பேராசிரியை அன்றே பதில் போட்டார். "சரியாப் பாத்திருக்கீங்க. இது பிரையம்." கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடுமே.

பங்குனி வெயிலில் ஊரே காய்ந்தது. அந்தச் சுவர் மட்டும் காயவில்லை. பேராசிரியை குழுவில் சிலரைக் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்க வருவதாகச் சொன்னார். இரண்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறேன், என் மதிலைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. போக வேண்டாமென்று நினைத்துக்கொண்டே, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

தங்கை சுவர் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பேராசிரியை அவளிடம் கேள்வி கேட்டார், என்னிடம் இல்லை. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் திரும்பி, "எங்க அக்கா தடுக்கலேன்னா இது எப்பவோ போயிருக்கும். பாக்கச் சொல்லிக் கொடுத்ததே அவதான்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் இன்னும் எரிந்தது.

அவர்கள் போனதும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பொறாமையா இருக்குடி."

"தெரியும்" என்றாள். "காபி டம்ளரை நங்குன்னு வச்சியே, அப்பவே."

"கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்? நானும் பட்டிருக்கேன். நீ பாட்டனி சேர்ந்தப்ப எனக்கும் அதான் வேணும்னு அழுதேன். வீட்டுக்கு ஒருத்தி இலை தழை படிச்சாப் போதும்னு அப்பா என்னை பி.காம்ல போட்டுட்டார். உன்னோட படமெல்லாம் வரைஞ்சு கொடுத்தது யாருக்கா?"

அவள்தான். மருங்காபுரியில், எங்கள் அப்பா வீட்டுக் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, என் பாடத்துக்கான இலை, வேர் எல்லாவற்றையும் அவள்தான் வரைவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாகங்களின் பெயரை எழுதுவேன். அவளுக்குக் கை நன்றாக வருகிறது என்று மட்டும்தான் அன்று எங்களுக்குத் தோன்றியது. அத்தனை வருஷமும் அவள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து மறுபடியும் சுவரடிக்குக் கூட்டிப்போனாள். வந்தவர்கள் யாரும் கவனிக்காத மூலையில், உப்புக்கல் அளவுக்குப் புதுசாக ஒரு பச்சைப் புள்ளி. "இது என்னன்னு எனக்குத் தெரியலை. நீ சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி, இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொறாமை போய்விட்டதென்று சொன்னால் பொய். மறுநாள் காலை அவள் அந்தப் புள்ளியின் படம் அனுப்பியிருந்தாள். ஏதாவது குறை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. "இலை நுனியைக் கிட்டக்க எடுத்து அனுப்புடி" என்று பதில் எழுதிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.